பொன்னாடை போதும்; பாய் விரிக்க இடம் தருக!

தோட்டத்தில் பிறந்து பட்டணத்திற்குப் படிக்கச் செல்லும் பிள்ளை கடக்க வேண்டிய தேர்வுகள் பல. ஏழாம் வயதில் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, இடைநிலைப் பள்ளியில் வேற்றுமொழியிற் பாடம் பயின்று, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். என்னும் பெருந்தேர்வுகளையும் வென்று அவன் வெளிவருகிறான். இவற்றிற்கெல்லாம் பாடத்திட்டம் உண்டு. கற்பிக்க ஆசிரியர் உண்டு. தவறினால் மறுமுறை எழுதவும் வழியுண்டு. ஆனால் இவையனைத்தையும் வென்றவனை வாயிற்படியிலேயே நிறுத்திவைக்கும் தேர்வு வேறொன்றும் உண்டு. அதற்குப் பாடநூல் இல்லை; பரீட்சை அதிகாரி இல்லை; மதிப்பெண் பட்டியலும் இல்லை. கோலாலம்பூரில் தலை சாய்க்க ஓர் அறை தேடுவதே அத்தேர்வாகும். கல்லூரியின் கதவு திறந்திருந்தும், குடியிருக்கக் கதவு திறவாமையால் கல்வியை இழக்கும் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி நம் மேடைகளில் பேச்சே எழுவதில்லை. மேடையிற் பேசாததைப் பத்திரிகையிலாவது பேசவேண்டும் என்று துணிந்தோம்.

நாம் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தோடு காலங் கழிப்பவர். ஆகவே முதலிற் கணக்கையே பேசுவோம். கோலாலம்பூரில் ஓர் அறைக்கு மாத வாடகை 500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் அந்த 500 வெள்ளியோடு விடுவாரா? இரண்டு மாத வாடகையை முன்பணமாக வை என்பார். அது 1,000 வெள்ளி. நீருக்கும் மின்சாரத்திற்கும் ஈடாக அரை மாத வாடகை வை என்பார். அது 250 வெள்ளி. முதல் மாத வாடகையையும் இப்போதே எண்ணி வை என்பார். அது 500 வெள்ளி. ஆகமொத்தம் 1,750 வெள்ளி. 2025-ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சட்டம் விதித்த குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 1,700 வெள்ளி. ஒரு மாதம் முழுவதும் வெயிலிலும் மழையிலும் நின்று செம்பனைக் குலை வெட்டிய தகப்பன், அரிசிக்கென்றும் மீனுக்கென்றும் ஒரு காசும் எடாமல், அச்சம்பளத்தை அப்படியே கொண்டுபோய் வீட்டுக்காரர் கையில் வைத்தாலும் இன்னும் 50 வெள்ளி குறைகின்றது! சம்பளத்தில் 100-க்கு 11 வீதம் சேமநிதிக்குப் பிடிப்பதையும் சேர்த்தெண்ணினால் குறை இன்னும் பெரிது. சாவியைக் கையில் வாங்குமுன்னரே, ஒரு குடும்பத்தின் ஒரு மாத வாழ்வு முழுதும் கரைந்து போகின்றது.

“கல்விக் கடன் இருக்கிறதே!” என்பார் சிலர். இருக்கிறது. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் அமைக்கப்பட்டு, எண்ணற்ற பிள்ளைகள் அக்கடனாற் படித்திருக்கிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பணம் பெரும்பாலும் மாணவன் கல்லூரியிற் பதிவு செய்துகொண்ட பிறகுதான் கைக்கு வரும். அறைக்காரரோ பதிவு நாளுக்கு முன்னரே பணம் கேட்பார். மழை பெய்தபின் வரும் குடையால் நனைந்தவனுக்கு என்ன பயன்?

“பல்கலைக்கழக விடுதி இருக்கிறதே!” என்பார் வேறு சிலர். அதுவும் உண்மையே. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்க்குப் பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. அதன் பின்னரோ, இருக்கும் கட்டில்கள் சில. கேட்கும் கைகள் பல. அப்போது விளையாட்டிலும் சங்க நடவடிக்கைகளிலும் புள்ளி சேர்த்தவர் முந்திக்கொள்கின்றனர். விடுமுறை விட்டதும் தோட்டத்திற்கு ஓடிவந்து, தாய்க்குத் துணையாக உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் பிள்ளைக்கு அப்புள்ளி எங்கிருந்து வரும்? தனியார் கல்லூரிகளிலோ, விடுதி இருந்தாலும் அதன் கட்டணம் பல இடங்களில் ஏழையின் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது. எனவே இரண்டாமாண்டு மாணவனும் தனியார் கல்லூரி மாணவனும் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியே ஆகவேண்டும்.

எந்தத் தெருவில் இறங்குகிறான் என்பதையும் சற்றே நினைத்துப் பார்ப்போம். இன்று செல்வர்கள் வாழும் பங்சார் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்கள் சேர்ந்து மருவியே பங்சார் ஆயிற்று. 1950-களின் தொடக்கத்தில் உருவான பெட்டாலிங் ஜெயா, எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் எழுந்த நகரம். கல்லூரிகள் நிறைந்த சுபாங் ஜெயா, 1970-களில் சீஃபீல்டு தோட்டத்தின் மேல் எழுந்தது. நாட்டின் நிர்வாகத் தலைநகராகிய புத்ராஜெயாவோ, 1921-இல் உண்டான பிராங் பெசார் தோட்டம் இருந்த இடம். இந்நிலங்களிற் காடழித்தவர் யார்? விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வரிசை நின்று, பால்வாளி சுமந்து, இம்மண்ணிலேயே மடிந்தவர் யார்? அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று அதே மண்ணில் எழுந்த அடுக்கு மாடியின் கீழ் நின்று, மேலே அண்ணாந்து பார்த்து, “ஓர் அறை காலியாக இருக்குமா?” என்று கேட்கின்றார்கள். பாட்டன் பால் வெட்டிய நிலத்தில் பேரனுக்குப் பாய் விரிக்க இடமில்லை! இதைவிடக் கொடிய நகைப்பு வேறு என்ன வேண்டும்?

சட்டத்தின் முகத்தையும் பார்ப்போம். தோட்டத்தில் தொழிலாளிக்கு எத்தகைய இருப்பிடம் தரவேண்டும் என்பதற்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. அது 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. பலர் சேர்ந்துறங்கும் கூடமானால் ஆளுக்கு 3 சதுர மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். கட்டில், மெத்தை, தலையணை, போர்வை வேண்டும். பூட்டக்கூடிய அலமாரி வேண்டும். தொழில் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். இவையெல்லாம் எழுத்தில் உள. எம்மைப் போன்ற கிராணிமார் அளவுநாடாவும் பட்டியலுமாக நின்று இவற்றைச் சரிபார்க்க வேண்டியதும் வழக்கம். இச்சட்டம் மிகவும் நல்லது, வேண்டியதும்கூட. ஆனால் அத்தொழிலாளியின் மகன் மாணவனாகிப் பட்டணம் சேர்ந்துவிட்டால், அவன் உறங்கும் இடத்தை அளக்க இந்தச் சட்டத்திற்கு அதிகாரமில்லை. ஏனெனில் அவன் எவருக்கும் தொழிலாளி அல்லன். வீட்டின் கூடத்தைப் பலகையால் மூன்றாகத் தடுத்து, சாளரமில்லாத ஒரு துண்டை “மாணவர் அறை” என்று பெயரிட்டு வாடகைக்கு விடுகிறார்கள். உள்ளே கட்டிலைப் போட்டால் கதவு திறவாது. கதவைத் திறந்தால் புத்தகம் வைக்க இடமிராது. தகப்பனுக்குத் தோட்டத்தில் சட்டம் அளந்து கொடுத்த இடத்தை, மகன் பட்டணத்தில் இருமடங்கு விலை கொடுத்தும் பெறமுடியவில்லை.

இவ்வளவும் பணத்தின் கொடுமை. பணமிருந்தும் தீராத கொடுமையொன்றும் உண்டு. அறை விளம்பரங்களைப் படிப்பவர்கள் அறிவார்கள்: இன்ன இனத்தார் மட்டும் வரலாம், இந்தியர் வரவேண்டாம் என்று வெளிப்படையாகவே அவற்றில் எழுதப்படுவதுண்டு. எழுதாத இடத்தில் தொலைபேசி அந்த வேலையைச் செய்கிறது. குரலைக் கேட்கும்வரை அறை காலியாக இருக்கும். பெயரைச் சொன்னதும் அது நிரம்பிவிடும்! பன்னிரண்டு வீடுகளுக்குப் பேசிப் பன்னிரண்டிலும் அறை “இப்போதுதான் போயிற்று” என்று கேட்ட இளைஞனொருவனை நாம் அறிவோம். இந்நாட்டின் கூட்டரசு அரசியலமைப்பு, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்று 8-ஆம் விதியில் முழங்குகிறது. ஆனால் அவ்விதி தருகின்ற பாதுகாப்பு அரசாங்கத்தையும் அதன் அங்கங்களையும் நோக்கியதேயன்றி, ஒரு தனியார் இன்னொரு தனியாருக்குச் செய்வதை நோக்கியதன்று என்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே அரசாங்க அலுவலகத்தில் நம் பிள்ளையை இனம் பார்த்து விலக்கினால் அவன் அரசியலமைப்பைக் காட்டி நீதி கேட்கலாம். வீட்டு வாயிலில் விலக்கினாலோ அந்த ஆயுதம் கைகொடாது.

பிறர் செய்யும் கொடுமையை இவ்வளவு சொன்ன நாம், நம்மவர் செய்வதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. நகரத்தில் வீடும் அறையும் வைத்திருக்கும் தமிழர் பலர் உளர். செந்தூலிலும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் அவர்களைக் காணலாம். அவர்களிற் சிலர், தமிழ் மாணவன் வந்து அறை கேட்டால், முதலிற் கேட்கும் கேள்வி என்ன? “எந்தக் கல்லூரி?” என்பதன்று, “எந்தத் தோட்டம்?” என்பதே. அக்கேள்வியின் உட்பொருளைத் தமிழருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, உறவைக் கேட்டு, கடைசியில் “எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், தம்பி” என்று கதவைச் சாத்துகிறார்கள். பிற இனத்தார் நம்மை விலக்கினால் அதற்கு இனவெறி என்று பெயரிட்டுக் கொதிக்கிறோம். நம்மவர் விலக்கினால் அதற்குக் கௌரவம் என்று பெயரிட்டு மௌனமாகிறோம். பெயர் மாறினாலும் அந்தப் பிள்ளை அன்றிரவு உறங்குவது ஒரே இடத்தில்தானே?

“பையன்கள் ஒழுங்காக இருப்பதில்லை, குடிக்கிறார்கள், கூச்சலிடுகிறார்கள், வாடகை கொடாமல் ஓடிவிடுகிறார்கள். அதனாற்றான் யாரும் இடம் தருவதில்லை” என்று வாதிப்பவர்களும் உளர். அத்தகையோர் சிலர் இருக்கிறார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் எந்த இனத்தில் இல்லை? பிற இனத்தில் ஒருவன் வாடகை கொடாமற் போனால் அது அவன் குற்றம். தமிழரில் ஒருவன் கொடாமற் போனால் அது தமிழர் அனைவரின் குற்றமா? ஒருவன் செய்த பிழைக்காக, அவனை அறியாத ஒன்பது பேருக்கு இடமில்லை என்பது எந்த நியாயப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? அன்றியும், வாடகை கொடாதவனிடம் அதனைப் பெறுவதற்கு வீட்டுக்காரருக்கு 1951-ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டம் முதலாகப் பல வழிகள் உண்டு. கையில் இரண்டரை மாத ஈட்டுப் பணமும் உண்டு. அவர் ஆயுதம் தாங்கியே நிற்கிறார். வெறுங்கையோடு நிற்பவன் மாணவன்தான்.

இனி, “இவையெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நாம் என்ன செய்யமுடியும்?” என்று கைகழுவுவோர்க்கு வருவோம். அரசாங்கத்தின் வேலை என்பதில் ஐயமில்லை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழங் கட்டடங்களுக்கு மட்டுமே காவலாக இருந்தது. அதுவும் 1997-இல் நீக்கப்பட்டது. குடியிருப்பு வாடகைக்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்னும் பேச்சு அதன்பின் பல ஆண்டுகளாக எழுந்து வந்திருக்கிறது. அத்தகைய சட்டம் இனப் பாகுபாட்டையும் தடுப்பதாக அமையவேண்டும் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஆயின் சட்டசபையின் காலக்கணக்கு வேறு. கல்லூரியின் காலக்கணக்கு வேறு. ஒரு மசோதா ஐந்தாண்டு தாமதித்தால் அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை ஐந்து நாள் தாமதித்தால் அவன் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். சட்டம் வரும்வரை அவன் எங்கே உறங்குவான் என்பதே நம் கேள்வி.

நம் சமூகம் இப்பிள்ளைகளுக்கு எதுவுமே செய்வதில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். செய்கிறது! தேர்வு முடிவு வந்ததும் மண்டபம் எடுக்கிறது; பதாகை கட்டுகிறது; தலைவரை அழைக்கிறது; பிள்ளையை மேடையேற்றுகிறது; மாலையிடுகிறது; பொன்னாடை போர்த்துகிறது; கண்ணாடிக் கேடயம் கொடுக்கிறது; படம் பிடிக்கிறது. பேசுவோர் அனைவரும் “கல்வியே நம் சமூகத்தின் விடிவு” என்கிறார்கள். கைதட்டல் ஓய்கிறது. விருந்து முடிகிறது. இரண்டு வாரங் கழித்து அதே பிள்ளை, பண்டார் தாசிக் செலாத்தான் பேருந்து முனையத்தில், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தொலைபேசியுமாக நின்று, அறை விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். அப்போது அந்தத் தலைவர் எங்கே? அந்த மண்டபம் எங்கே? பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு பேருந்து முனையத்தில் உறங்க முடியுமா? கண்ணாடிக் கேடயத்தை வைத்துக்கொண்டு முன்பணம் என்று எந்த வீட்டுக்காரராவது ஏற்பாரா?

வந்தவனுக்கு இடங் கொடுப்பது நமக்குத் தெரியாத கலையா? சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கோலாலம்பூர் அம்பாங் தெருவிலும் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை முதியோர் அறிவர். ஒரே கூடத்தில் பல கடைகளின் ஆட்கள், ஆளுக்கொரு மேசையும் பெட்டியும் வைத்துக்கொண்டு, பகலிற் கணக்கெழுதி, இரவில் அங்கேயே பாய் விரித்து, கூட்டாகச் சமைத்துண்டு வாழ்ந்தார்கள். கப்பலில் வந்திறங்கிய இளைஞன் எங்கே தங்குவது என்று தவிக்கவில்லை. அவனுக்கு முன்னரே அவன் சமூகம் அங்கே ஓர் இடத்தை வைத்திருந்தது. சீனரின் ஊர்ச் சங்கங்களும் குலச் சங்கங்களும் புதிதாய் வந்தவனுக்குத் தங்க இடமும், வேலைக்கு வழியும் காட்டின. சீக்கியரின் குருத்வாராக்களில் வழிப்போக்கனுக்குச் சோறும் படுக்க இடமும் கிடைத்துவந்தன. வட்டித் தொழிலுக்கு வந்தவனுக்கு இடம் வைத்திருந்தது தமிழ்ச் சமூகம். கல்விக்கு வருபவனுக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை? வணிகன் பணத்தோடு திரும்புவான் என்னும் நம்பிக்கை இருந்தது. மாணவன் அறிவோடு திரும்புவான் என்னும் நம்பிக்கை நமக்கு இன்னும் வரவில்லை போலும்! கிட்டங்கியும் குலச் சங்கமும் தம்மவர்க்கு மட்டுமே என்று வேலி கட்டியவை. அந்த வேலி நமக்கு வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு மட்டும் வேண்டும்.

“விடுதி கட்டக் கோடிக்கணக்கிற் பணம் வேண்டுமே” என்று மலைப்பவர்க்கு நாம் சொல்வது இது: கட்டடம் பிறகு கட்டுங்கள், முதலிற் பிணை நில்லுங்கள். கட்டட நிதி என்று தொடங்கினால் அடிக்கல் நாட்டுவிழா ஒன்று நடக்கும். பிறகு அடிக்கல் மட்டுமே நிற்கும். பிணை நிற்பதற்கு அடிக்கல் வேண்டாம். திறப்பு விழாவும் வேண்டாம்.

அதன் முறையைச் சொல்கிறோம். 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி பதிவு பெற்ற தமிழ்ச் சங்கமொன்று, கல்லூரிக்கருகில் மூன்று படுக்கையறையுள்ள ஓர் அடுக்குமாடி வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுக்கட்டும். அதில் மாணவர் தங்குவதற்கு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் முன்னரே பெறட்டும். அவ்வீட்டின் வாடகை 1,800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு இருவராக ஆறு மாணவர் தங்கினால் தலைக்கு 300 வெள்ளி. இரண்டரை மாத ஈடு 4,500 வெள்ளியைச் சங்கம் கட்டட்டும். மாணவன் முதல் மாத வாடகையாகிய 300 வெள்ளியோடு குடியேறட்டும். 1,750 வெள்ளி கேட்ட கதவு 300 வெள்ளிக்குத் திறந்துவிடும். மேலும், ஆறு தமிழ் இளைஞர்கள் தனித்தனியே போய் நின்றால் “அறை போயிற்று” என்று சொல்லும் வீட்டுக்காரர், முத்திரையும் செயலாளரும் வங்கிக் கணக்கும் உள்ள ஒரு சங்கம் மாதந்தோறும் வாடகைக்குப் பொறுப்பேற்கும்போது அவ்வளவு எளிதாக முகந்திருப்ப மாட்டார். நிறத்தைப் பார்க்கும் கண்ணும் நிச்சயமான வாடகையைக் கண்டாற் சற்றே மூடிக்கொள்ளும்.

இதில் முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். ஈட்டுப் பணம் தானமன்று. அது திரும்பி வரும் பணம். விருந்துக்குச் செலவிட்ட வெள்ளி இலையோடு போய்விடும். பொன்னாடைக்குச் செலவிட்ட வெள்ளி பெட்டிக்குள் மடிந்து கிடக்கும். ஈடாக வைத்த வெள்ளியோ, வீட்டைப் பழுதின்றி ஒப்படைத்து, கட்டணங்களையும் தீர்த்துவிட்டால், மீண்டும் சங்கத்தின் கைக்கே வரும். அடுத்த ஆண்டு அடுத்த பிள்ளைக்கு உதவும். அறைக்கு 1,250 வெள்ளி ஈடு என்றே கொண்டாலும், 25,000 வெள்ளி இருந்தால் 20 பிள்ளைகளுக்கு ஈடு கட்டலாம். பத்திலொரு பங்கு பழுதுக்கும் நிலுவைக்கும் போய்விட்டது என்று கொண்டாலும், இழப்பு 2,500 வெள்ளியே. மீதி 22,500 வெள்ளி மறுபடியும் நிற்கும். ஒரே பணம் ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகளைக் கரையேற்றும் இத்தகைய தர்மம் வேறு எது? கணக்கறிந்த தமிழ் வணிகர்களே, இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமா?

நிபந்தனைகள் சிலவும் சொல்வோம். இவ்வீடுகளில் சாதி கேட்கலாகாது, மதம் கேட்கலாகாது, எந்தத் தோட்டம் என்று கேட்பதும் ஆகாது. கல்லூரிக் கடிதமும் குடும்ப வருமானமும் மட்டுமே தகுதி. வீட்டுப் பெயர்ப்பலகையில் எந்தத் தலைவரின் படமும் வேண்டாம். வரவுசெலவுக் கணக்கை ஆண்டுதோறும் பத்திரிகையில் வெளியிட வேண்டும். கணக்குக் காட்டாத தர்மம் எப்படி முடியும் என்பதைத் தமிழர் பலமுறை பார்த்தாயிற்று.

முதல் வீடு பெண்பிள்ளைகளுக்கே ஆகவேண்டும். ஆண்பிள்ளை நண்பனின் அறைத் தரையிலோ கடையின் மாடியிலோ சில நாள் ஒதுங்குவான். பெண்பிள்ளை எங்கே ஒதுங்குவாள்? எம் அலுவலகத்திற்குக் கல்லூரிக் கடிதத்தைக் கொண்டுவந்து, அதன் ஆங்கிலத்தை விளக்கச் சொல்லிக் கேட்டு, கடைசியில் “தங்குவதற்கு நல்ல இடம் என்று யாரையா சொல்வார்?” என்று கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போன தகப்பன்மாரை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஏசுவது எளிது. பெண்கல்வியை மறுக்கும் எண்ணம் அவர்களுக்கில்லை. இருந்தால் கடிதத்தை ஏந்திக்கொண்டு வரவே மாட்டார்கள். அவர்கள் கேட்டது ஒரு முகவரி. அம்முகவரியை நாம் கொடாததால், வைத்தியத் தாதியாகவோ ஆசிரியையாகவோ வந்திருக்க வேண்டிய பெண், பக்கத்துத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறாள். பெண் விடுதலை பற்றி மேடையில் ஒரு மணி நேரம் முழங்குவதைவிட, நல்ல பூட்டுள்ள ஒரு கதவை அவளுக்குக் காட்டுவது பெரிய சீர்திருத்தமாகும்.

மாணவத் தோழர்களுக்கும் சில சொற்கள். கண்ணாற் காணாத அறைக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். “இன்னும் பத்துப் பேர் கேட்கிறார்கள், இன்றே பணம் போடு” என்று அவசரப்படுத்துவோன் பெரும்பாலும் அறையில்லாதவனாகவே இருப்பான். அறையில் நுழைந்ததும் சுவர், கதவு, விசிறி ஆகியவற்றைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பழுதுக்குப் பழி உங்கள் தலையில் விழாது. கொடுத்த பணத்திற்கு இரசீது கேளுங்கள்; கேட்பது அவமானமன்று. ஒப்பந்தத்தை எழுத்திற் செய்து முத்திரைத் தீர்வையும் செலுத்துங்கள். 1949-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி, முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வீட்டுக்காரர் தம் இஷ்டத்திற்குப் பூட்டை மாற்றி உங்களை வெளியேற்றவும் முடியாது. 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின்படி, குடியிருப்பவனை நீதிமன்ற வழியாலன்றி வெளியேற்றலாகாது. இவ்வுரிமைகளோடு கடமையும் உண்டு. வாடகையைத் தவணை தவறாமற் செலுத்துங்கள். வீட்டைத் துப்புரவாக வைத்திருங்கள். நீங்கள் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் விதம், அடுத்துவரும் தமிழ்ப் பிள்ளைக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் நற்சான்று. பிறர் அப்படி எண்ணுவது நியாயமன்று என்று மேலே சொன்னோம். ஆயினும் அந்த நியாயம் நிலைபெறும் வரை இதுவே உலக நடப்பு.

நகரத்துத் தமிழ் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிற் பெரும்பாலோரின் தகப்பனோ பாட்டனோ லயத்து வீட்டிலிருந்து வந்தவர்தாம். பட்டணத்தில் அவருக்கும் ஒரு நாள் யாரோ ஒருவர் திண்ணையைக் காட்டியிருப்பார். அந்தத் திண்ணையை மறந்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளையிடம் “எந்தத் தோட்டம்?” என்று கேட்காதீர்கள். தானமாகக் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை; நியாயமான வாடகைக்கே கொடுங்கள். ஈட்டை மட்டும் இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதனால் ஒரு வெள்ளியும் நட்டமில்லை. ஒரு குடும்பத்திற்கோ அதனால் ஒரு மாதச் சோறு மிஞ்சும்.

சங்கத் தலைவர்களே! அடுத்த கல்வியாண்டு தொடங்கப் பல மாதங்கள் இருக்கும்போதே ஆலோசனைக் கூட்டம் கூட்டுங்கள். அக்கூட்டத்தில் மாலை யாருக்கு, முன்வரிசை நாற்காலி யாருக்கு என்னும் விவாதத்தைத் தள்ளிவைத்து, எத்தனை கட்டில் என்னும் ஒரே கேள்வியை எடுங்கள். இவ்வாண்டு ஆறு கட்டில் போடமுடியுமானால் ஆறு போடுங்கள். இரண்டுதான் முடியுமானால் இரண்டு போடுங்கள். அடுத்த பாராட்டு விழாவின் அழைப்பிதழ் எமக்கு வரும்போது, அதில் தலைவரின் பெயருக்குக் கீழே கட்டில்களின் எண்ணிக்கையும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்போம். அச்சிட்டிருந்தால் முதல் ஆளாக வந்து கைதட்டுவோம். இல்லையேல், பொன்னாடையை நீங்களே போர்த்திக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம்.